பொறுப்பாளர் கையெழுத்து

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் மறைத்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

முப்பத்தொரு வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தேன். சளி உறிஞ்சும் பம்ப், நாடித் துடிப்பைக் காட்டும் மானிட்டர், குறைமாதக் குழந்தைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டி, எல்லாம் என் கை பட்டவை. ‘பொம்பளை ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிறாளா’ என்று ஆரம்பத்தில் இளித்தவர்கள், பிறகு என் செருப்புச் சத்தம் கேட்டாலே மெஷின் மேல் வைத்திருந்த டீ கிளாஸை எடுத்து ஒளித்தார்கள். அந்தப் பயத்தை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்ற நாலாவது மாதம், வசதியில்லாத வெளிநாட்டு ஊர்களுக்குச் சம்பளம் வாங்காமல் வேலை செய்ய ஆள் அனுப்பும் ஓர் அமைப்புக்கு எழுதிப் போட்டேன். ஆறு மாதத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். மகள் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாள்.

“முட்டி வலிக்குதுன்னு மாடி ஏற மாட்டேங்கற. இப்ப கடல் தாண்டிப் போறியாக்கும்! உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?”

கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். “போகட்டும் விடு. அங்க இருக்கற மெஷின் எல்லாம் உங்கம்மா குரலைக் கேட்டதும் பயத்துலயே ஓட ஆரம்பிச்சிடும்.”

எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

சேவை மனப்பான்மை என்றெல்லாம் பீற்றிக்கொள்ள மாட்டேன். வீட்டில் மிக்ஸியையும் ஃபேனையும் கழற்றி மாட்டி அலுத்துவிட்டது. ‘அம்மா, மெஷின் நின்னு போச்சு, சீக்கிரம் வாங்க’ என்று யாராவது என்னைத் தேடி ஓடி வர வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

போன இடம் நாற்பது படுக்கை உள்ள ஆஸ்பத்திரி. ஒரே ஒரு டாக்டர், ஆறு நர்ஸ்கள். பக்கத்து டவுனுக்கு மலைப்பாதையில் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அவர்கள் மொழியை மூன்று மாதம் கற்றுக்கொண்டுதான் போனேன். தத்துப்பித்தென்று ஆரம்பித்து, போகப் போக சண்டை போடுகிற அளவுக்கு வந்துவிட்டது. அங்கே பேசியதெல்லாம் என் மனசில் தமிழாகவே தங்கிவிட்டதால் அப்படியே எழுதுகிறேன்.

தங்கியது ஹெட் சிஸ்டர் வீட்டில். முன்பக்கத்து அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். நாற்பத்தாறு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா ஒருத்தி பிரசவத்தில் போய்விட, அவள் பெற்ற மூன்று பிள்ளைகளை இவர்தான் வளர்க்கிறார். வீட்டில் வரும் சம்பளம் இவருடையது மட்டும். வந்த இரண்டாவது நாளே அந்த மூன்றும் என்னைப் பெரியம்மா என்று கூப்பிட ஆரம்பித்தன. சிஸ்டருக்கு நான் அக்கா.

வார்டு முடிகிற இடத்தில் ஸ்டோர் ரூம். உள்ளே, எங்கெங்கிருந்தோ தானமாக வந்த மெஷின்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் கொடுத்தவர் பெயர் போட்ட ஸ்டிக்கர். ஒன்றின் பிளக் அங்கத்திய சுவரில் நுழையாது, இன்னொன்றுக்கு வோல்டேஜ் வேறு, மற்றொன்றுக்கு மூளையாக இருக்கிற போர்டே இல்லை. கொடுத்தவர்கள் இடத்தில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது இங்கே வந்து இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும், உள்ளுக்குள் ஒரு குஷியும் இருந்தது. எனக்கு அல்வா மாதிரி வேலை.

அதில் பதினொன்று ஆக்சிஜன் மெஷின்கள். வெறும் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாகக் கொடுக்கும் பெட்டி. கரண்ட் இருந்தால் போதும், சிலிண்டருக்காகக் காத்திருக்க வேண்டாம். அந்த ஊருக்கு சிலிண்டர் லாரி பதினைந்து நாளைக்கு ஒரு தடவைதான் வரும். மூச்சு முட்டி வரும் குழந்தைகளோ மழைக்காலத்தில் தினமும் வரும். அதனால் அதில்தான் முதலில் கை வைத்தேன்.

பன்னிரண்டு நாள் போராடி ஒன்றை ஓட வைத்தேன். குழந்தைகள் வார்டில் கொண்டுபோய் வைத்தபோது டாக்டர் கைதட்டினார். நாலாம் நாள் மெஷின் செத்துப்போயிற்று. ஓடிப் போய்ப் பார்த்தால், மெஷினே கண்ணுக்குத் தெரியவில்லை. அதன் மேல் வரிசையாகக் குழந்தைகளின் ஈரத்துணி! அதன் பின்பக்கம் சூடான காற்று வரும். மழையில் துணி காயவில்லையே என்று சின்ன சிஸ்டர் விரித்துப் போட்டிருக்கிறாள். உள்ளே காற்று போக வழியில்லாமல் கம்ப்ரஸர் கருகிவிட்டது.

சின்ன சிஸ்டர் என்றால் அங்கே இருந்தவர்களிலேயே சின்னவள், இருபத்திரண்டு வயது. அவளை நான் வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். “இது என்ன கொடியா? உனக்குக் கண்ணு எங்க இருக்கு? படிச்சுட்டுத்தானே வந்த? இனிமே இதுல எதையாவது தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்!” தாய்மார்கள் எல்லாம் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு பார்த்தார்கள். அவள் துணிகளை எடுத்து மடித்தாள். மடிக்கும்போது கண்ணிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. என் பன்னிரண்டு நாள் போயிற்றே என்றுதான் வயிறு எரிந்தது.

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் மெஷின் ஒப்படைக்கும்போது ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குவோம். ‘மேற்படி கருவியை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன். பழுதானால் நானே பொறுப்பு.’ கீழே ‘பொறுப்பாளர் கையெழுத்து’ என்று ஒரு கோடு. முப்பத்தொரு வருஷத்தில் அந்த வரியை ஒருத்தரும் படித்து நான் பார்த்ததில்லை. டூட்டி மாறுகிற அவசரத்தில் கோழிக் கிறுக்கலாகக் கிறுக்கிவிட்டுப் போவார்கள். மெஷின் போனால் எல்லாருமாகச் சேர்ந்து என்னிடம் திட்டு வாங்குவார்கள், அவ்வளவுதான்.

அந்த நோட்டை அங்கே அவர்கள் மொழியில் எழுதித் தயார் செய்தேன். அடுத்த இரண்டரை மாதத்தில் ஐந்து மெஷின்களைத் தேற்றி எடுத்து, ஒவ்வொன்றாக ஹெட் சிஸ்டரிடம் ஒப்படைத்தேன். முதல் கையெழுத்துக்கு முன்னால் அவர் அந்த வரியை விரல் வைத்து மூன்று தடவை படித்தார்.

“அக்கா, பழுதானா நானே பொறுப்புன்னு போட்டிருக்கே. அப்படின்னா?”

“அப்படின்னா பத்திரமா பாத்துக்கணும்னு அர்த்தம். போடுங்க சிஸ்டர், கை வலிக்குது.”

போட்டார். ஓர் எழுத்து விடாமல் முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதினார். கடல் தாண்டி வந்தவளிடம் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தானமாக வந்த ஒரு ஸ்கேன் மெஷின் கீழே விழுந்து உடைந்து, அன்றைக்கு டூட்டியில் இருந்த நர்ஸை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்த நர்ஸ் இப்போது பஸ் ஸ்டாண்டில் பழம் விற்கிறாள். நானே அவளிடம் பேரம் பேசி வாழைப்பழம் வாங்கியிருக்கிறேன்.

சிஸ்டர் ஐந்து மெஷின்களையும் துடைத்து, துணி போர்த்தி, ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினார். “வெளிய வச்சா கண்டவங்க கை படும் அக்கா. கேஸ் வந்தா நானே எடுத்துத் தரேன்” என்றார். அப்படித்தான் செய்தார். ஏழெட்டுக் குழந்தைகளுக்கு எடுத்து வைத்து, வேலை முடிந்ததும் மறுபடி துடைத்துப் பூட்டினார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ‘இங்கே ஒரே ஒரு ஆள் உருப்படி’ என்று வீட்டுக்கு எழுதினேன்.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை சிஸ்டர் டவுனுக்குப் போய்த் தடுப்பூசி மருந்துகளை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார். ஐந்தாவது மாதச் செவ்வாயில் நானும் கூடப் போனேன். மெஷினுக்குள் வைக்கிற வடிகட்டிப் பஞ்சு தீர்ந்துபோயிருந்தது. பஸ்ஸில் எங்களுக்கு ஏகப்பட்ட சிரிப்பு. என் மாமியாரைப் பற்றி நானும், அவரைப் பெண் பார்க்க வந்து, எதிர்த்த வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு போன மாப்பிள்ளையைப் பற்றி அவரும், மாறி மாறிச் சொல்லிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். ஐஸ் பெட்டி அவர் மடியில் இருந்ததால் அவருடைய கைப்பையை நான் வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டோர் ரூமின் ஒரே சாவி அதற்குள் இருந்தது.

மத்தியானம் மூன்று மணிக்குத் திரும்பினோம். சின்ன சிஸ்டர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, எங்களிடம் வராமல் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள்.

காலை பத்தரைக்கு ஒரு குழந்தையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். பத்து மாதப் பெண் குழந்தை. நெஞ்சில் சளி கட்டி, உதடு நீலம் பாரித்து, விலா எலும்பு உள்ளே இழுக்க மூச்சு வாங்கியிருக்கிறது. டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு தாயின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். கதவிடுக்கு வழியாகவே ‘ஆக்சிஜன் போடு, ஊசி போடு’ என்று சொல்லியிருக்கிறார். சிலிண்டரில் நாற்பது நிமிஷத்துக்குத்தான் இருந்தது. சின்ன சிஸ்டர் எங்கள் இரண்டு பேர் போனுக்கும் மாறி மாறி அடித்திருக்கிறாள். மலைப்பாதையில் சிக்னல் ஏது? டாக்டர் வெளியே வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் குழந்தை போய்விட்டது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோபம் மட்டும் ஓடி வந்தது. “பூட்டை உடைக்க வேண்டியதுதானே! கல்லால அடிச்சா போதுமே! உனக்கு மூளை இல்லையா?” என்று அவள் மேலேயே பாய்ந்தேன்.

அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். நாலு மாதத்தில் முதல் தடவையாக.

“கல்லை எடுத்துட்டு வந்தேம்மா. கதவு முன்னாடி நின்னேன். நீங்க கத்துவீங்களேன்னு கீழ வச்சுட்டேன்.”

கல் அங்கேதான் கிடந்தது, கதவோரமாக. தேங்காய் அளவு இருக்கும். ஹெட் சிஸ்டர் ஐஸ் பெட்டியைக் கீழே வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைப்பையை என்னிடமிருந்து வாங்கி, பூட்டைத் திறந்து, ஒரு மெஷினை உருட்டிக்கொண்டு போய்க் குழந்தைகள் வார்டின் நடுவில் வைத்தார். பூட்டை மறுபடி போடவில்லை.

குழந்தையின் அப்பா அம்மாவிடம் டாக்டர் ஏற்கெனவே பேசி அனுப்பிவிட்டிருந்தார். ‘லேட்டா கொண்டு வந்துட்டீங்கம்மா’ என்று சொல்லியிருக்கிறார். நான் அவர் அறைக்குப் போய் மேஜையைத் தட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. இருபது வருஷமாக அங்கே ஒற்றை ஆளாக மாரடிக்கிறவர். முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“ஆக்சிஜன் இருந்திருந்தா பிழைச்சிருக்குமான்னு உறுதியா சொல்ல முடியாது. ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். அதை அவங்ககிட்ட சொன்னா என்ன ஆகும்? புகார் போகும். விசாரணை வரும். சாவி யார்கிட்டன்னு கேப்பாங்க, உங்க நோட்டை எடுத்துப் பாப்பாங்க. சிஸ்டருக்கு வேலை போயிடும். அந்த மூணு பிள்ளைங்களுக்கு நீங்க சோறு போடுவீங்களா?”

நான் வெளியே வந்தேன்.

அன்று சாயங்காலமே என் அமைப்புக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன். நோட்டு என் யோசனை, கத்தியது நான், பயத்தை விதைத்தது நான், எந்த நடவடிக்கை எடுத்தாலும் என் மேல்தான் எடுக்க வேண்டும் என்று அழுத்தம் திருத்தமாக எழுதி, நெஞ்சு நிமிர்ந்து அனுப்பினேன். பத்து நாளில் பதில் வந்தது. ‘தங்கள் வெளிப்படையான மனதுக்கு நன்றி. தன்னார்வலர்கள் மீது நடவடிக்கை எடுக்கும் விதி எதுவும் நம்மிடம் இல்லை. தங்கள் அனுபவம் இனி வருபவர்களின் பயிற்சிக்கு மிகவும் உதவும்.’ கீழே ஒரு பூங்கொத்துப் படம். தலையில் அடித்துக்கொண்டேன்.

இதற்கிடையில் அந்தத் தாய் ஆஸ்பத்திரி வாசலுக்கு வர ஆரம்பித்திருந்தாள். தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்க அந்த வழியாகத்தான் வர வேண்டும். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, வருகிற போகிற நர்ஸ் ஒருத்தரையும் விடாமல் கேட்பாள்: “எத்தனை மணிக்கு வந்திருந்தா பொழச்சிருக்கும் சிஸ்டர்? விடியறப்பவே மூச்சு வாங்குச்சு. பால் குடிச்சா சரியாயிடும்னு இருந்துட்டேன். எட்டு மணிக்கு வந்திருந்தா? ஒம்பதுக்கு?” சத்தம் போட மாட்டாள், அழ மாட்டாள். கடையில் விலை கேட்பது போலக் கேட்பாள். நர்ஸ்கள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே ஓடுவார்கள். ஊரிலும் ‘பிள்ளையை வச்சுக்கிட்டு வேடிக்கை பாத்தவ’ என்று பேசிக்கொண்டார்கள்.

பதில் வந்த அன்று காலை, சிஸ்டர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். என் நாலு பக்கத்தையும் அந்தப் பதிலையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், ‘நீங்க எவ்வளவு நல்லவங்க அக்கா’ என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையிலிருந்த தட்டை ணங்கென்று வைத்தார். அவருக்கும் கோபம் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“இதையும் நீங்களே எடுத்துக்கிட்டுப் போறீங்களா அக்கா?”

“எதை?”

“தப்பை. மெஷினை நீங்களே ரிப்பேர் பண்ணீங்க, ஒருத்தருக்கும் சொல்லிக் குடுக்கல. நோட்டை நீங்களே எழுதுனீங்க, ஒருத்தரையும் கேக்கல. இப்ப அந்தக் குழந்தை செத்ததையும் நீங்களே எழுதி, நீங்களே கையெழுத்துப் போட்டு, பொட்டியில வச்சுக்கிட்டு பிளேன் ஏறப்போறீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. பூப்படம் அனுப்புவாங்க. பூட்டுனது நான். என் வேலை போயிடுமேன்னு பூட்டுனேன். அவ தினமும் வாசல்ல வந்து நிக்கறா. அவகிட்ட யாரு சொல்றது?”

பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது.

“சொன்னா வேலை போயிடும் சிஸ்டர்.”

“போகும்.” ஈரக்கையைத் துடைத்துக்கொண்டார். “அதுக்கு பயந்துதானே அக்கா இவ்வளவும்.”

அன்று மத்தியானம் டூட்டி முடிந்ததும் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். “வாங்க. ஆனா பேசாதீங்க” என்றார். என்னிடம் அப்படிச் சொன்னவர்கள் அதுவரை யாரும் இல்லை. சரி என்றேன்.

ஆஸ்பத்திரிக்கு மூன்று தெரு தள்ளி வீடு. முன்னால் தகரம் போட்ட கொட்டகை, தரையெல்லாம் மரச்சீவல். குழந்தையின் தகப்பன் ஒரு ஜன்னல் சட்டத்தை மேஜையில் வைத்து இழைத்துக்கொண்டிருந்தார். தச்சு வேலை செய்கிறவர் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு இழைப்பதை நிறுத்தாமல் தொடர்ந்தார். அந்தத் தாய் உள்ளேயிருந்து வந்து இரண்டு ஸ்டூல் போட்டாள். சிஸ்டர் உட்காரவில்லை.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. நீ லேட்டா வரல. நேரத்துக்குத்தான் வந்த. குழந்தைக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன் மெஷின் ஆஸ்பத்திரியிலேயே இருந்துச்சு. நல்லா ஓடற மெஷின், அஞ்சு இருந்துச்சு. கெட்டுப்போனா என் வேலை போயிடும்னு நான் உள்ள வச்சுப் பூட்டி, சாவியை எடுத்துட்டு டவுனுக்குப் போயிட்டேன். மெஷின் குடுத்திருந்தா கண்டிப்பா பொழச்சிருக்கும்னு சொல்ல மாட்டேன். அது எனக்குத் தெரியாது. ஆனா நீ லேட்டா வரல.”

ஒரே மூச்சில் சொன்னார். அந்தப் பெண் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

“கேட்டீங்களா? நான் லேட்டா வரலியாம்.”

அதைச் சொல்லிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள். குழந்தை போன நாளிலிருந்து அவள் அழவேயில்லை என்று பிறகு சொன்னார்கள். சிஸ்டர் அவளைத் தொடப் போனார். தொடாமல் கையை இழுத்துக்கொண்டார்.

இழைக்கும் சத்தம் நின்றிருந்தது. அந்த மனுஷன் இழைப்புளியை ஓரமாக வைத்துவிட்டு வந்தார்.

“எந்த ரூம்? வார்டு கடைசியில, பச்சைக் கதவா?”

“ஆமா” என்றார் சிஸ்டர்.

“கீல் வெளிப்பக்கம்தானே இருக்கு, நீளக் கீல்?”

சிஸ்டருக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும். ஐந்து மாதமாகத் தினமும் நாலு தடவை அந்தக் கதவைத் திறந்து மூடியவள் நான். முப்பத்தொரு வருஷம் ஸ்க்ரூடிரைவர் பிடித்தவள். “வெளிப்பக்கம்தான்” என்றேன்.

“ரெண்டு கீல். கீலுக்கு மூணு ஸ்க்ரூ.” அவர் எங்களிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “வேலை செஞ்ச எடத்துலேர்ந்து நேரா ஓடி வந்தேன். அந்தக் கதவுக்கு எதிர்ல, பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். டூல்ஸ் பை என் மடியிலயே இருந்துச்சு.”

கையில் ஒட்டியிருந்த மரச்சீவலைத் தட்டிவிட்டார்.

“அந்தச் சின்னப்பொண்ணு கல்லோட வந்து நின்னுச்சு. எதுக்குன்னு தெரியல. கேக்கலாமான்னு இருந்துச்சு. பெரிய எடம், நம்ம எதுக்குக் குறுக்க பேசணும்னு இருந்துட்டேன்.” “ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

சிஸ்டர் அப்போதுதான் அழுதார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்தத் தச்சர் டூல்ஸ் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பையைப் பார்த்ததும் ஏதோ உடைக்கத்தான் வந்திருக்கிறார் என்று டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். இன்றோடு வேலை போயிற்று என்று சிஸ்டர் தலையில் குத்தியிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அந்த மனுஷன் நேரே ஸ்டோர் ரூமுக்குப் போனார். கதவு சும்மா சாத்தியிருந்தது.

“பூட்டுங்க” என்றார்.

சிஸ்டருக்குப் புரியவில்லை.

“அன்னைக்கு மாதிரி பூட்டுங்க சிஸ்டர்.”

சிஸ்டர் உள்ளே போய்ப் பழைய பூட்டைத் தேடி எடுத்துவந்து மாட்டினார். இரண்டு தடவை நழுவியது. பூட்டி, சாவியை எடுத்து விலகி நின்றார். தச்சர் பையைக் கீழே வைத்து, ஸ்க்ரூடிரைவரை எடுத்து, மேல் கீலில் ஆரம்பித்தார். சின்ன சிஸ்டர் என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கையை நான் பிடித்துக்கொண்டேன், அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

ஆறாவது ஸ்க்ரூ கழன்றதும் கதவைக் கீல் பக்கமாக இழுத்துத் திருப்பி, பூட்டில் மாட்டியபடியே சுவரில் சாய்த்து வைத்தார். ஒரு நிமிஷம் ஐம்பது செகண்ட் ஆகியிருந்தது.

“அந்த மெஷினைக் காட்டுங்க.”

நான் உள்ளே போய் ஒன்றின் மேலிருந்த துணியை எடுத்து, பிளக்கைச் செருகி, ஸ்விட்சைப் போட்டேன். குழாயின் முனையை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் தன் கன்னத்தருகே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வெறும் காற்று மாதிரிதான் இருக்கும், வித்தியாசம் ஒன்றும் தெரியாது.

“இவ்வளவுதானா?” என்றார்.

“இவ்வளவுதாங்க” என்றேன்.

குழாயை மெஷின் மேல் பத்திரமாக வைத்தார். ஆறு ஸ்க்ரூவையும் பொறுக்கிச் சின்ன சிஸ்டரின் கையில் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.